பதினொரு மணித் தண்ணீர்

பூங்காப் பிரிவு அலுவலகத்தின் ஜன்னல் கம்பிகளில் பதினான்கு நீல உடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை இறங்கும் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த நைலான் உடைகள். எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் வேறு வேறு நிற நூலில் ஒரு முடிச்சு. சொட்டிய தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த பழைய கோப்புகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்த சூப்பிரண்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, இது ஆபீஸா, மொட்டமாடியா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஈரத் தலையோடு வாசலில் நின்ற கோச், "மாடியில போட்டா காத்து தூக்கிட்டுப் போயிடும் சார். அப்புறம் ஊரே தேடிக்கிட்டு வரும்," என்றாள். அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, கோப்புகளையாவது நகர்த்தி வைக்கச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கோச். நீச்சல் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு மட்டும் டீச்சர். நானும் இங்கே கோச் என்றே எழுதுகிறேன். பெயரைச் சொல்லி எழுதும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் ஊர் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நகராட்சியின் பூங்காப் பிரிவு என்றால் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே இரண்டு அறைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர எங்களுக்கு என்ன வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் பருவத்துக்குப் பருவம் எங்களுக்கு வேலை மாறிக்கொண்டே இருக்கும். தை பிறந்தால் பூங்கா நடைபாதையில் கோலப் போட்டி. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஓவியம், இறகுப்பந்து, நீச்சல். ஆடிப் பெருக்குக்குப் படித்துறையில் பெண்கள் உடை மாற்றத் தகர மறைப்பு. புரட்டாசியில் மரக்கன்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஊஞ்சலுக்கு அடியில் நிற்கும் தண்ணீரை வடியவிடுவது. இதற்கெல்லாம் துண்டறிக்கை எழுதுவது, பெயர் பதிவது, தேதி குறிப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலேயே சூப்பிரண்டு சார் அந்த வேலையை முழுவதுமாக என் மேசைக்குத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டார் என்று நான் அப்போது சொல்லவில்லை. நம்பிக் கொடுத்தார் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பூதலூர்ப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். பள்ளிக்கூடப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அம்மாவின் கைநாட்டு நீல மையில் இருக்கும். அந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே படிவத்தை நீட்டப் பழகியிருந்தேன். வேலை கிடைத்த நாளில் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை வீட்டுக்குப் போன பிறகும் கழற்றவில்லை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சேறு பட்டுவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். அலுவலகத்தில் யாராவது வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் விவசாயம் என்பேன். பொய் இல்லை. ஆனால் கேட்டவர்கள் நிலம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன். வயல் பேச்சையே என் பேச்சிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கவனமாக இருந்த வயது அது. அப்படி எடுத்ததில் என்னென்ன போனது என்பது பிறகுதான் தெரிந்தது.

கோச் வந்தது அந்த நீல உடைகளின் கோடையில். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். விளையாட்டு விடுதியில் சேர்ந்து நீச்சல் கற்று மாநில அளவில் நீந்தியவள். கடற்கரைக்காரி என்பதால் பிறந்ததிலிருந்தே நீந்தியிருப்பாய் என்று நான் சொன்னபோது சிரித்தாள். அவர்கள் ஊரில் பெண்கள் கடலில் இறங்குவதே இல்லையாம். முழங்கால்வரை நனைந்து மீன் கூடையை வாங்குவார்களே தவிர, அதற்கு மேல் கடல் ஆண்களுடையது என்றாள். கோடை முகாமுக்குத் தற்காலிகப் பயிற்றுநராக அவளை எடுத்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்கு வகுப்பு. நடுவில் வெயில் நேரத்தில் பூங்காவின் நீச்சல் குளம் சும்மா கிடக்கும். வந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்து, பதினொரு மணிக்கு யாருக்கும் குளம் வேண்டாம்தானே, அந்த நேரத்தைப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். அப்படியொரு வகுப்பு எங்கள் பிரிவில் அதுவரை நடந்ததில்லை. நான் துண்டறிக்கை எழுதினேன். நல்ல துண்டறிக்கை. வேலைக்குச் சேர்ந்து நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

டாக்டர் வீட்டுப் பெண்களும் வங்கியில் இருப்பவர்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். தையற்கடைக்காரர் மனைவி ஒருவர் வந்தார். மீதிப் பதினொரு பேரும் ஊரின் கிழக்கு விளிம்பில், நகராட்சி எல்லைக்குள் புதிதாகச் சேர்ந்த வார்டிலிருந்து ஒரே கூட்டமாக வந்தார்கள். ஒரே நடவுக் கூட்டத்தில் வேலை செய்கிறவர்கள். ஆட்களைச் சேர்த்து வயலுக்கு அழைத்துப் போகும் அக்கா ஒருவர்தான் அவர்களை இங்கேயும் அழைத்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குத்தி போட்ட, பெரிய குரல்காரர். சித்திரையிலும் வைகாசியிலும் வேலை இல்லை, அதனால் வந்தோம் என்றார். எதற்கு நீச்சல் என்று பெயர் பதியும்போது நான் கேட்டேன். படிவத்தில் அதற்கு ஓர் இடம் இருந்தது. அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை. கோச்சின் பக்கம் திரும்பி, பெரிய குரலைத் தணித்து, "வாய்க்கால்ல தண்ணி வந்த மூணாம் நாள் எம் பொண்ணு விழுந்துட்டா டீச்சர். நான் கரையில நின்னேன். எறங்கத் தெரியல," என்றார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் படிவத்தில் உடல்நலம் என்று எழுதினேன்.

முதல் தடை உடையில் வந்தது. புடவையோடும் நைட்டியோடும் இறங்கினால் நூல் போய் வடிகட்டியை அடைத்துவிடும் என்று பம்ப் ஆபரேட்டர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையில் விற்கும் நீச்சல் உடையைக் காட்டியதும் பெண்கள் அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை விடச் சின்னதாக இருக்கிறதே என்று திருப்பி வைத்துவிட்டார்கள். கோச்தான் நைலான் துணி வாங்கிவந்து, தையற்கடைக்காரர் மனைவியிடம் கொடுத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும்படி தைக்க வைத்தாள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளிருந்து வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டு, ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்துகொண்டு வந்தார்கள். "நாத்துமுடி மாதிரி இறுக்கிக் கட்டிட்டாங்கடி," என்று அக்கா சொன்னதும் சிரித்துச் சிரித்து, வெட்கம் எங்கோ போய், எல்லோரும் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வருடத்தில் பாதி நாள் தண்ணீரில் நிற்கிறவர்கள் அவர்கள். கணுக்கால் தண்ணீரில் குனிந்தபடி நாள் முழுவதும் பின்னால் நடந்தே போகக்கூடியவர்கள். ஆனால் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. குளத்து ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். கோச் அவர்கள் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, தண்ணீரைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அதன் மேல் படுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டு போனாள். "வீட்லயே படுக்க நேரமில்ல, இங்க வந்து படுங்கறீங்களே டீச்சர்," என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அப்படிக் கேட்டவள்தான் எல்லோருக்கும் முன்னால் மிதந்தாள். காதுவரை தண்ணீரில் இருக்க, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் மிதந்தாள். எழுந்து நின்றபோது, இத்தனை வருடத்தில் தன் உடம்புக்குக் கனமே இல்லாமல் இருந்தது இதுதான் முதல் முறை என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகள் நினைவில்லை. அந்த முகம் நினைவிருக்கிறது.

நான் தகரக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு, மடியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இறங்கியதே இல்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் கிராமத்து வாய்க்காலைக் கடக்கும்போது இப்போதும் பாலத்தின் நடுவில்தான் நடப்பேன். ஆனால் அந்தப் பெண்களோடு அதே நீல உடையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர்கள் என்னை ஆபீசரம்மா என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கோச்சுக்கு மட்டும் இது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "ரெஜிஸ்டர் நனையாதுடி, கரையில வெச்சிட்டு வா. உனக்கும் ஒரு செட் தெச்சிருக்கு," என்று தினமும் ஒருமுறை கூப்பிடுவாள். அதற்குள் நாங்கள் நீ வா போ என்று பேசும் அளவுக்கு வந்திருந்தோம். ஒன்றாகச் சாப்பிட்டோம். அவள் கொண்டுவரும் மீன் குழம்பின் வாசனைக்குச் சூப்பிரண்டு சார் ஜன்னலைத் திறப்பார். எனக்கு நெருங்கிய தோழி என்று யாரும் இருந்ததில்லை. படிக்கிற பெண் என்று ஊர்ப் பெண்கள் விலகினார்கள். ஊர்ப் பெண் என்று கல்லூரிப் பெண்கள் விலகினார்கள். கோச் எந்தப் பக்கத்திலிருந்தும் விலகவில்லை. சாப்பிட்டு முடித்து, தூங்குமூஞ்சி மரத்தடியில் அரைமணி நேரம் அவள் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாளே, அந்த அரைமணி நேரம் போல ஒன்று எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

மே மாதத்தில் பம்ப் பழுதானதால் வகுப்பு பத்து நாள் நின்றுபோனது. அதனால் பிள்ளைகள் முகாம் முடிந்த பிறகும் பெண்கள் வகுப்பு ஜூனுக்குள் நீண்டது. அப்போதுதான் சூப்பிரண்டு சார் ஒரு நல்ல செய்தி சொன்னார். நிறைவு நாளில் நகராட்சி ஆணையர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் பெண்கள் நேரம் வருடம்தோறும் நடக்கும், கோச்சையும் எல்லாப் பருவத்து வேலைகளுக்கும் சேர்த்து வருடம் முழுவதும் வைத்துக்கொள்வார்கள். கோச் அன்று சாப்பிடவே இல்லை. வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையான வேலை என்று ஒன்று இருந்தால் இரண்டு வருடமாவது தள்ளிப்போடலாம் என்பது அவள் கணக்கு. வருடம் முழுவதும் என்பதை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

தேதி குறிக்க வேண்டியது நான். ஜூன் இரண்டாம் வாரத்திலேயே வைத்துவிடலாம் என்று கோச் சொன்னாள். பெண்கள் அதற்குள் நன்றாக மிதப்பார்கள், பாதி அகலம் நீந்துவார்கள், அது போதும் என்றாள். எனக்குப் போதவில்லை. இன்னும் பத்து நாள் தள்ளினால் குளத்தின் முழு அகலத்தையும் நீந்திக் காட்டிவிடுவார்கள். ஆணையர் பார்க்க வேண்டியது அதைத்தான், பாதியை அல்ல என்று நினைத்தேன். திங்கட்கிழமையாகப் பார்த்துக் குறித்தேன். அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றாள் கோச். "நான் இந்தப் பக்கத்துக்காரி. எனக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியப்போவுது?" என்றேன். அவள் தலையாட்டினாள். கடற்கரையிலிருந்து வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? அந்த வாரம் அம்மா போனில் பேசினாள். கல்லணையைத் திறந்துவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது, நாற்றங்கால் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் விடாமல் நடவு என்றாள். நான் அழைப்பிதழில் ஆணையரின் பட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். அம்மா சொன்ன திங்கட்கிழமையும் நான் குறித்த திங்கட்கிழமையும் ஒன்றுதான் என்பது என் காதில் விழவே இல்லை. நடவுக்காரியின் மகள் நான். எங்கள் வீட்டில் காலண்டர் வாங்குவதற்கு முன்னால் நான் கற்றுக்கொண்ட காலண்டர் அது.

அந்தத் திங்கட்கிழமை குளத்தின் கரையில் துணி போர்த்திய நாற்காலிகள் போட்டிருந்தோம். பிஸ்கட்டும் டீயும் தயாராக இருந்தன. பத்தரைக்கு டாக்டர் வீட்டுப் பெண், வங்கிப் பெண், தையற்கடைக்காரர் மனைவி மூன்று பேரும் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். பத்தே முக்காலுக்கும் அவர்கள் மூன்று பேர்தான். கோச் அக்காவுக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டாள். எடுத்ததும் முதலில் கேட்டது தண்ணீரில் கால்கள் அளையும் சத்தம். "டீச்சர், நாத்து பறிச்சாச்சு. பறிச்ச நாத்த கரையில வெச்சிட்டு நான் எங்க வர? இன்னிக்கின்னு வெச்சிட்டீங்களே," என்றார் அக்கா. கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதே நேரத்தில் எங்கள் ஊரில் என் அம்மாவும் குனிந்து நின்றுகொண்டிருப்பாள் என்பதும்.

ஆணையர் வந்தார். மூன்று பேர் நீந்தியதைப் பார்த்தார். பதிவேட்டில் பதினான்கு பெயர்கள் இருந்தன. மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். நடவு நாளாம் சார் என்று சூப்பிரண்டு தயங்கிச் சொன்னார். அந்த ஊருக்கு வந்து ஒரு வருடமே ஆன ஆணையருக்குக்கூட அது உடனே பிடிபட்டுவிட்டது. "நடவு நாள்ல யார் தேதி வெச்சது?" என்று கேட்டார். சூப்பிரண்டு சார் வேண்டுமென்று செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு அந்த நேரத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. வெளியூர்ப் பயிற்றுநர் சார், ஊர் வழக்கம் தெரியாது என்றார். ஆணையர் கோச்சைப் பார்த்தார். கோச் என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டின் மூலையில் மடங்கியிருந்த தாளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நிமிர்த்தினேன் என்று தெரியவில்லை. நான் வைத்தேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் அடுத்த கேள்வி, உனக்கே தெரியாதா, உன் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதாக இருக்கும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தும் பேசவில்லை.

ஜூன் கடைசியோடு அவளுக்குப் பணி முடிந்தது. நீட்டிப்பு வரவில்லை. பெண்கள் நேரம் அத்தோடு நின்றுபோனது. கடைசி நாள் பதினான்கு உடைகளையும் மடித்து, அவரவரிடம் கொடுத்துவிடச் சொல்லி என் மேசையில் வைத்தாள். பதினைந்தாவதாக ஒன்று இருந்தது. பஸ் ஏறும்போது, "வரேங்க," என்றாள். ஆவணியில் கல்யாணம் என்று பத்திரிகை தபாலில் வந்தது. நான் போகவில்லை. அவள் எண் என் போனில் இருந்தது. ஒவ்வொரு புதுப் போனுக்கும் அதை மாற்றிக்கொண்டேன். ஒருமுறையும் அழைக்கவில்லை.

இடையில் ஏழு கோடைகள் போய்விட்டன. இப்போது பிரிவின் நிகழ்ச்சிகள் எல்லாம் என் பொறுப்பில்தான் நடக்கின்றன. கோலப் போட்டிக்குக் கூட்டம் கூடுகிறது. படித்துறையில் நான் போட்ட மறைப்பில் இருநூறு பெண்கள் உடை மாற்றுகிறார்கள். முதுகு வளையாமல் போனதால் அம்மா என்னோடு இருக்கிறாள். அவள் என்ன வேலை பார்த்தாள் என்று யார் கேட்டாலும் நடவு என்று சொல்கிறேன். ஆனால் கோடைதோறும் பதினொரு மணிக்குக் குளத்தைக் கடக்கும்போது, வெயிலில் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீரை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

இந்த வருடம் பெண்கள் நேரத்துக்கு மறுபடி கோப்பு வைத்தேன். சித்திரையில் தொடங்கி, கல்லணை திறப்பதற்கு முன் முடிகிற மாதிரி. முன்பு ஏன் நின்றது என்ற பத்தியில், தேதி தவறு என்னுடையது, பயிற்றுநருடையது அல்ல என்று எழுதி என் பெயரையும் எழுதினேன். புதிய சூப்பிரண்டு படித்துவிட்டு, யாரும் கேட்காததை எதற்கு எழுதுகிறாய், எடுத்துவிடு என்றார். இருக்கட்டும் சார் என்றேன். கோப்பு தேறி வந்தது. பெண் பயிற்றுநர் இருந்தால்தான் வகுப்பு என்று ஒரு நிபந்தனையோடு.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். மீன் இறங்கும் இடத்தில், பெட்டிகளில் ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தாள். டீ வாங்கி வரச் செய்தாள். குழந்தையைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றியெல்லாம் பேசினோம். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்கவில்லை.

"அது தெரிஞ்சதுதானங்க," என்றாள். "வேலை போனது பெருசில்ல. தற்காலிகந்தானே. அவர் கேட்டப்ப நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். அப்புறம் மரத்தடிக்கு வந்து எங்கிட்டயாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். பஸ்ல போறப்பகூட போனக் கையிலயேதான் வெச்சிருந்தேன்."

மறுபடி தொடங்கும் வகுப்பைப் பற்றிச் சொல்லி, வர முடியுமா என்று கேட்டேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்த அக்கா கை வீசத் தொடங்கியிருந்தார், இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் குளத்தைக் கடந்திருப்பார் என்றாள். சித்திரை பிறந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும், இங்கே வேலை குறைவுதான் என்றாள். வீட்டில் கேட்க வேண்டும், குழந்தை இருக்கிறது என்றாள். கடைசியில், "பாக்கலாங்க," என்றாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் இடத்தில் நான் இல்லை.

தடைக்காலம் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அவள் வரவில்லை. மாதக் கடைசிக்குள் பயிற்றுநர் சேராவிட்டால் நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சூப்பிரண்டு சொல்லிவிட்டார். வேறு ஒரு பெண்ணின் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. நல்ல பெண். வரும் சனிக்கிழமைவரை பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டுவிடுவேன். இந்த முறை அந்தப் பெண்களின் தண்ணீர் என்னால் நிற்கக் கூடாது. ஆனால் அதுவரை பதினொரு மணிக்கு யாரும் வர வேண்டாம் என்று நான் சொல்லியும், நடவு அக்காவும் கூட்டத்தில் எட்டுப் பேரும் வந்துவிடுகிறார்கள். குழந்தைகள் குளிக்கும் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவுக்கு முடி நரைத்துவிட்டது. நேற்று, டீச்சர் வருவதாகச் சொன்னார்களா என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன். அன்று தேதி வைத்தது டீச்சர் இல்லை, நான் என்று.

அக்கா ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டார். "எங்களுக்குத் தெரியாதாக்கும்? டீச்சர் வெளியூரு. அவங்களா இருந்தா எங்களக் கேட்டுட்டுத்தான் வெச்சிருப்பாங்க. ஒனக்குத்தான் கேக்கத் தோணாது," என்றார். பிறகு, வெயில் ஏறுகிறது, நிற்கிறதாக இருந்தால் தண்ணீருக்குள் வந்து நில் என்றார்.

இன்று காலை அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பதினைந்தாவது உடையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். படியில் மூன்றாவது காலடிக்கே பயம் வந்துவிட்டது. அக்கா கையை நீட்டினார். காய்ப்பேறிய கை, அம்மாவுடையதைப் போல. பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் இடுப்புவரை வந்தது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க எங்களில் யாருக்கும் தெரியாது. பத்துப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் முகம் திருப்பி, பன்னிரண்டு மணிவரை நின்றோம்.